ஸ்டார் கட்டாத வீடு

"மேளத்தை நிறுத்துங்கப்பா! அந்த ஊட்ல ஸ்டார் கட்டல."

முன்னால் போன சவரியார் கையைத் தூக்கியதும் கேரல் கூட்டம் அடங்கியது. அந்தச் சர்ச் பங்கில் அதுதான் வழக்கம். சாவு விழுந்த வீட்டில் அந்த வருடம் கிறிஸ்துமஸ் ஸ்டார் தொங்காது. பாட்டுக்காரர்களும் வாசலில் நிற்காமல், நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு கடந்துவிடுவார்கள்.

சேந்தமங்கலம் ரோட்டிலிருந்து பிரியும் அந்தத் தெருவில் மற்ற வீடுகளெல்லாம் சிவப்பும் மஞ்சளுமாக மினுங்கின. அந்த ஒரு வீடு மட்டும் பல் விழுந்த இடம் மாதிரி இருட்டாக இருந்தது.

"இந்த வருசம் கூட்டத்துல களையே இல்லீங்க" என்று முணுமுணுத்தார் மேளக்காரர் கோகுல்ராஜ்.

கடைசியாக வந்த கிறிஸ்துமஸ் தாத்தாவுக்குச் சுருக்கென்றது. சிவப்பு அங்கி, பஞ்சுத் தாடி, ரப்பர் முகமூடி எல்லாம் மாட்டிக்கொண்டு முதல் தெருவிலிருந்து ஆடி வருகிறவர் அவர்.

"ஏனப்பா, நான் ஆடறது ஆட்டமாத் தெரியலையா?"

யாரும் திரும்பவில்லை. முகமூடிக்குள்ளிருந்து பேசினால் யாருக்குக் கேட்கும்? கூட்டம் அடுத்த திருப்பத்தில் மறைந்தது.

"தாத்தா! தாத்தா!"

இருட்டு வீட்டின் கேட்டுக்கு அந்தப்பக்கம் ஒரு சிறுமி நின்றாள். அவள் பாவாடையைப் பிடித்தபடி ஒரு பொடியன். தெருநாய் ஒன்று கேட்டைப் பார்த்து ஊளையிட்டுவிட்டு, நின்றிருந்த முட்டை வண்டிக்கு அடியில் போய்ப் பதுங்கியது.

"எங்க ஊட்டுக்கும் வாங்க தாத்தா."

"ஸ்டார் இல்லாத ஊட்டுக்கு வரக் கூடாது சாமி."

"இருக்குதுங்க!" சிறுமி கேட் தூணின் உள்பக்கத்தைக் காட்டினாள். காலண்டர் அட்டையில் கோணலாக வெட்டிய ஸ்டார் ஒன்று நூலில் ஆடியது. "பெரிய ஸ்டாரை அம்மா பரண்ல போட்டுட்டாங்க. இது நான் கட்டுனது. அம்மாவுக்கே தெரியாது. உங்களுக்கு வழி தெரியோணும்னுதான்."

தாத்தாவின் மனம் இளகியது. கேட் திறந்த சத்தம் கேட்ட நினைவில்லை. ஆனால் உள்ளேதான் நின்றுகொண்டிருந்தார். ஆடுகிறவனுக்குக் கால் போன இடம்தானே வழி.

"பேரு என்ன சாமி?"

"வினோலியா. இவன் ஜெர்ரி."

"எங்கயோ கேட்ட பேரா இருக்குது." கொஞ்ச நாளாகவே அவருக்குப் பேரும் முகமும் மனதில் ஒட்டுவதில்லை.

ஜெர்ரி அவருடைய அங்கியைத் தொட்டுப் பார்த்தான். "அக்கா, ஒரு பட்டன் மட்டும் பச்சை!" என்று கிளுகிளுத்தான். அவன் விரல் பட்டது அவருக்குத் தெரியவே இல்லை. காற்று பட்ட மாதிரி இருந்தது.

"அம்மா எங்க?"

"உள்ளதான். ஒரே இடத்துல உக்காந்து அழுதுட்டே இருக்காங்க. நாங்க கூப்புட்டாக்கூட காதுல உழுகறதில்லீங்க."

"இந்த ஊட்ல யாரு சாமி தவறிட்டாங்க?"

ஜெர்ரி வாயைத் திறந்தான். வினோலியா பாய்ந்து அவன் வாயைப் பொத்தினாள்.

"சொல்ல மாட்டோமுங்க."

"ஏன்?"

"சொன்னாப் பயந்துக்குவீங்க" என்றான் ஜெர்ரி, அக்காவின் விரல் இடுக்கு வழியாக.

"பயந்தா ஓடிருவீங்க" என்றாள் அவள். "கொஞ்ச நேரமாச்சும் இருந்துட்டுப் போங்க."

தாத்தாவின் முதுகில் கொல்லிமலைக் குளிரெல்லாம் ஒன்றாக இறங்கியது. பெற்றவள் காதில் விழாத பிள்ளைகள். தொட்டால் தெரியாத விரல். போர்வெல் போடும் ரிக் லாரியோடு போய் நடுக்காட்டில் தூங்கிய ஆள்தான் அவர். ஆனாலும் ஓரடி பின்னால் வைத்தார். 'அருள் நிறைந்த மரியே' என்று ஆரம்பித்தார். அடுத்த வரி வரவில்லை.

ஓடிவிடலாம் என்றுதான் நினைத்தார். பிள்ளைகளோ அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். பாவம், செத்தாலும் பிள்ளை பிள்ளைதானே?

ஆடினார். மேளமில்லாமல், கையை விரித்து, இடுப்பை வளைத்து, கரடி மாதிரி சுற்றிச் சுற்றி ஆடினார். ஜெர்ரி சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டான். வினோலியா சிரிக்கவில்லை. கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இந்தாங்க சாமி, மிட்டாய்." பைக்குள் கையை விட்டார். மிட்டாய் தட்டுப்படவில்லை, ஈரமண்தான் ஒட்டியது. எவனோ குறும்பு பண்ணியிருக்கிறான்.

"மிட்டாய் வேண்டாங்க" என்றாள் வினோலியா. "அடுத்த வருசமும் வருவீங்களா?"

"வாரேன் சாமி." போகிறபோது அந்தப் பிஞ்சுகளுக்காக ஒரு ஜெபமாவது சொல்லலாம் என்று, திறந்திருந்த கதவு வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார்.

சுவரோரம் ஒரு பெண் முழங்காலில் முகம் புதைத்திருந்தாள். அவள் தலைக்கு மேல் மாலை போட்ட படம், முன்னால் மெழுகுவர்த்தி. படத்தில் இரண்டு சின்ன முகங்களைத் தேடினார்.

இல்லை. ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். சிவப்பு அங்கியில், முகமூடியை நெற்றிக்கு மேலே ஏற்றிவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். அங்கியில் ஒரு பட்டன் மட்டும் பச்சை.

தாத்தா குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தார்.

"பார்த்தியாக்கா" என்றான் ஜெர்ரி, "நான் சொன்னன்ல? அப்பா பயந்துட்டாரு."