வரி கட்டுற ஆள்

"ஐயா, என்ட குமருட வாழ்க்க உங்கட பேனா முனையில நிக்கிது. கொஞ்சம் மனசு வைங்க."

கச்சிமுகம்மது முதலாளி வரிக் கந்தோர் மேசையில் நெற்றி முட்டுமளவுக்குக் குனிந்திருந்தார். எதிரே அதிகாரி நல்லரெத்தினம் கோப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

"சட்டம் மாறிட்டு முதலாளி. நான் ஒண்டும் செய்ய ஏலாது."

"சனிக்கிழம மாப்பிள்ள வீட்டார் வாறாங்க ஐயா. சம்மாந்துறை அப்துல் ஸமட் போடியார். மூணு அரிசி மில்லு, ரெண்டு லொறி, கண்ணுக்கெட்டின தூரமெல்லாம் வயல். இது பிழைச்சுப் போனா என்ட மகள் முனவ்வறாவுக்கு இப்பிடியொரு இடம் இனிக் கிடைக்குமா?"

"ஸமட் போடியாரா?" நல்லரெத்தினம் நெற்றியைச் சுருக்கினார். "அப்பிடியொரு பேர் எங்கட கந்தோரில ஒருத்தருக்கும் தெரியாதே."

ஊருலகம் அறிந்த மனிதரை அறியாதவருக்கு அரசாங்கம் எப்படித்தான் கதிரை கொடுத்ததோ என்று முதலாளி மனதுக்குள் நொந்துகொண்டார். வெளியே காட்டவில்லை. காரியம் ஆக வேண்டுமே.

"நல்லா விளங்கிக்கொள்ளுங்க," என்றார் அதிகாரி. "இந்த வருசத்திலயிருந்து உங்கடயப் போலச் சின்னக் கடைகளுக்கு இன்கம்டெக்ஸ் இல்ல. அதுக்குப் பதிலா விற்பனை வரி. சாமான் வாங்குறவன் விலையோட சேத்துத் தருவான், நீங்க அத எங்களுக்கு அனுப்பினாச் சரி. மத்த முதலாளிமார் எல்லாரும் சிரிச்சிக்கிட்டுப் போறாங்க. நீங்க மட்டும் ஏன் அழுறீங்க?"

"அழாம என்ன செய்யிற? 'நான் கவுண்மெந்துக்கு வரி கட்டுறவன்' எண்டு சொல்லித்தானே இவ்வளவு காலமும் கூட்டங்களில முன் கதிரையில இரிக்கன்! இனி என்ட கடையில ஒரு கட்டு பீடி வாங்குறவனும் வரி கட்டுறவன். அவனும் நானும் ஒண்டா ஐயா? போடியாருக்கு நான் எந்த மூஞ்சியக் காட்டுற?"

நல்லரெத்தினத்தின் கையிலிருந்த பேனா அப்படியே நின்றது.

"அப்ப நீங்க கேக்கிறது..."

"வரிய எடுத்துப் போடாதீங்க எண்டுதான். லாபத்தக் கூட்டிப் போடுங்க. பெரிய கடை எண்டு எழுதுங்க. கொஞ்சமெண்டாலும் இன்கம்டெக்ஸ் வரட்டும். நான் கட்டுறன்!"

"போன வருசம் கட நட்டத்தில ஓடுது எண்டு இதே கதிரையிலயிருந்து அழுதீங்களே?"

"அது போன வருசத்து அழுக ஐயா. இது வேற."

நாங்கள் கல்முனைக் கடைத்தெருக்காரர். நட்டத்தைக் கந்தோரில் சொல்வோம், லாபத்தைக் கலியாணப் பேச்சில் சொல்வோம். லாபத்தைக் கந்தோருக்கே கொண்டுபோய்ச் சொன்ன முதல் ஆள் கச்சிமுகம்மதுதான்.

கட்டுகிறேன் என்று வந்தவரை விரட்ட எந்தச் சட்டத்திலும் இடமில்லை. முதலாளி சொல்லச் சொல்ல அதிகாரி எழுதினார். அக்கரைப்பற்றில் திறக்கலாம் என்று நினைத்திருந்த கடையின் லாபத்தையும் முதலாளி விட்டுவிடவில்லை.

சனிக்கிழமை போடியார் தன் தம்பியையும் இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு வந்தார். முனவ்வறாவுக்கென்று கட்டிய வீட்டைச் சுற்றிப் பார்த்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார், கிணற்றை எட்டிப் பார்த்தார். பிறகு வந்து உட்கார்ந்து வட்டிலப்பத்தில் கரண்டியை வைத்தார்.

"வீடு நல்லாரிக்கி. புள்ளையும் நல்ல புள்ளையாம், பொம்புளைகள் சொல்றாங்க. வேறென்ன, நாளப் பாப்பமே."

திரைக்குப் பின்னால் முதலாளியின் மனைவி சபியா உம்மா நிம்மதியாக மூச்சு விட்டது முன் வாசல்வரை கேட்டது. முதலாளி அத்தோடு நின்றிருக்கலாம். எங்களுக்கு எங்கே நிற்கத் தெரிகிறது?

"நம்மட நிலவரத்தையும் போடியார் தெரிஞ்சிக்கணுமில்லியா?" என்றபடி மெல்லிய நைலோன் சட்டைப் பைக்குள் காலையிலிருந்தே வெளியே தெரிந்துகொண்டிருந்த, வரி கட்டிய பற்றுச்சீட்டை எடுத்து நீட்டினார்.

போடியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். தம்பியிடம் கொடுத்தார். அவரும் வாசித்துவிட்டு முகட்டைப் பார்த்தார்.

"இன்கம்டெக்ஸா?" போடியாரின் குரல் தாழ்ந்தது. "ஆரும் காட்டிக் குடுத்திட்டாங்களா?"

"சே, சே! ஒருத்தருமில்ல. வேணாம் எண்டுதான் அந்த ஐயா சொன்ன. நானாப் போய், கெஞ்சிக் கேட்டுக் கட்டினன்." முதலாளி நெஞ்சை நிமிர்த்தினார்.

போடியார் வட்டிலப்பத் தட்டை மெதுவாகக் கீழே வைத்தார். சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழும்பினார். வந்தவர்கள் எல்லாரும் எழும்பினார்கள்.

முதலாளி பதறிப்போனார். "என்ன போடியார், கட்டினது காணாதா? திங்கக்கிழம போய் இன்னும் கொஞ்சம் கூட்டிக் கட்டுறன்!"

போடியார் அவருடைய கையைப் பிடித்து வாசலோரமாகக் கூட்டிப்போனார். மையித்து கிடத்திய வீட்டில் கதைப்பது போலத் தணிந்த குரலில் சொன்னார்:

"கோவிக்காதீங்க முதலாளி. கலியாணம் முடிஞ்சா என்ட மகன் உங்கட வீட்டிலதானே வந்து இரிக்கணும்? இந்தப் பழக்கம் அவனுக்கும் தொத்திட்டா?"