தோலிருக்கை வழி

இரத்தோட்டை மலைப்பாதையின் குறுக்கே, துணிக்கூரையை மடித்துப் போட்ட சிவப்புக் கார் மழை விட்ட வெயிலில் மினுங்குகிறது. தோட்ட முதலாளி குலசேகரம் விருந்தாளியிடம் ஒப்பிக்கிறார்: “வி வடிவத்துல எட்டு சிலிண்டர். முந்நூறு குதிரைச் சக்தி. இருக்கை அசல் தோல்!” முந்நூறு குதிரையும் ஏற்றத்தில் மூச்சு வாங்குகின்றன; பொனட்டில் ஆவி பறக்கிறது. எதிரே கம்பில் கட்டித் தூக்கி வந்த கம்பளித் தூளியில் பிரசவ வலியோடு சுந்தரம்மா முனகுகிறாள். “ஐயா, ஆஸ்பத்திரிக்குப் போகணுங்க. காரைக் கொஞ்சம் எடுங்க,” என்கிறான் கணவன் முத்துவீரன். “எஞ்சின் ஆறாம எடுக்கக் கூடாதுடா. கம்பெனி புத்தகத்துல போட்டிருக்கு. பொறு!” “வயித்துப் புள்ளைக்குப் புத்தகம் படிக்கத் தெரியாதுங்களே.” ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம். முத்துவீரனும் மச்சான் லெட்சுமணனும் தூளிக்கம்பைத் தோளில் உயர்த்துகிறார்கள். சேற்றுக்காலோடு காருக்குள் ஏறி, அசல் தோலை மிதித்து, அவளோடு அந்தப் பக்கம் இறங்குகிறார்கள்.