பெயர் வைத்த கல்

அன்று காலை என் கணவர் குளியலறையிலிருந்து துண்டு கேட்டார். கொடுத்தபோது கதவிடுக்கில் கையை நீட்டியபடியே, "ஒரு தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டா தலையா வெடிச்சிடும்?" என்றார்.

"கூப்பிடாமலேதான் முப்பத்தொரு வருஷமா வந்து நிக்கிறீங்க," என்றேன்.

சிரித்துக்கொண்டே மலைமேல் வானாய்வகத்துக்கு வேலைக்குப் போனவர், தொலைநோக்கிக் கூடத்தின் படிகளிலேயே மாரடைப்பில் போய்விட்டார்.

அவரோடு பல ஆண்டுகள் வேலை செய்த அன்வர், தான் கண்டுபிடித்த சிறுகோள் ஒன்றுக்கு அவர் பெயரை வைக்க அனுமதி வாங்கினார். விழாவில் அதைத் திரையில் காட்டினார்கள். நட்சத்திரங்களுக்கு நடுவே ஒரு வெள்ளைப் புள்ளி.

"வெறும் கல்லுதான் அண்ணி, ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது. ஆனா இனிமே உலகம் பூரா அதுக்கு அண்ணன் பேருதான். உங்க வாயாலயே சொல்லிடுங்க," என்று அன்வர் மைக்கை என்னிடம் கொடுத்தார்.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுந்தேன். அவர் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். முதல் எழுத்துக்கு வாய் திறந்தது. அதற்குமேல் வரவில்லை.

"அவர் பேர்தாங்க," என்றேன். அழுகையில் தொண்டை அடைத்துவிட்டது என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

இப்போது வீட்டில் யாரும் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு தினமும் முயல்கிறேன். முதல் எழுத்திலேயே நின்றுவிடுகிறது.

அந்தக் கல் சூரியனை ஒருமுறை சுற்றிவர மூன்று ஆண்டு எட்டு மாதம் ஆகிறது. பெயர் வைப்பதற்கு முன்பும் அவ்வளவுதான் ஆனது.