பேன் இல்லாத அம்மா

மலைக்குச் சுற்றுலா வந்தவர்கள் மறந்துவிட்டுப் போன டேப்லெட் ஒன்று குரங்குக்குட்டி குப்பாண்டியின் கையில் சிக்கியது. விரலால் தொட்டால் கோடு விழுந்தது. அவ்வளவுதான், சாப்பாட்டைக்கூட மறந்துவிட்டு அம்மாவை வரைந்தான்: தொங்குகிற வயிறு, கடிபட்ட காது, தலையில் ஊர்கிற பேன்கள் உட்பட.

"சபாஷ்! இந்தா, ஒரு நட்சத்திரம்!" என்று ஜல்லென மணியடித்தது டேப்லெட்.

குப்பாண்டி ருசி கண்டுவிட்டான். அடுத்த படத்தில் பேன்களை விட்டுவிட்டான், நட்சத்திரம் வந்தது. காதை விட்டான், அப்போதும் வந்தது. கடைசியில் வெறும் புள்ளி வைத்தான். அதற்கும் ஜல்!

பொழுது சாய்வதற்குள் மூட்டை மூட்டையாக நட்சத்திரம் சேர்ந்துவிட்டது. கடைசிப் புள்ளியைப் பெருமையாக அம்மாவிடம் காட்டினான்.

"யாருடா இது?"

"நீதாம்மா."

"என் பேனெல்லாம் எங்கடா?"

"பேனுக்குன்னு அது தனியா நட்சத்திரம் தராதும்மா."

அம்மா வழக்கம்போல் அவனை மடியில் கிடத்திப் பேன் பார்க்க ஆரம்பித்தாள். குப்பாண்டி சுகமாகக் கண்ணை மூடினான். ஒரே ஒரு பேனை எடுத்தாள். மற்றதெல்லாம் தலையில் ஊர்ந்துகொண்டிருக்க, அவன் முகத்துக்கு நேரே கையை நீட்டினாள்.

"எடுத்தாச்சு. எங்கடா என் நட்சத்திரம்?"