பந்து எங்கே போனது?

லாபு ஊருக்குப் பக்கத்தில் உள்ள கோல்ஃப் பயிற்சித் திடலில், இரண்டு வருடம் கழித்து தேவராஜு ஸ்டிக்கைப் பிடித்தார். முதல் பந்து காலடியிலேயே உருண்டு நின்றது.

"தலையைத் தூக்கிட்டீங்க," என்றாள் மனைவி கோமளா.

"பழைய பழக்கம் லா, விட மாட்டேங்குது."

"குனிஞ்சே இருங்க. தோள் நல்லா திரும்பட்டும்."

மறுபடி அடித்தார். தலை அசையவில்லை. 'டக்' என்று சுத்தமான சத்தம்.

"நேரா போயிருச்சுங்க!" கோமளா கைதட்டினாள்.

அடுத்த பந்தும் நேராகப் போனதாம். அதற்கடுத்ததும் அப்படியே.

தேவராஜு ஸ்டிக்கை ஊன்றி நின்றார். "வலது பக்கம் வேலிக்கு அந்தாண்ட இன்னும் செம்பனைத் தோட்டம்தானே?"

"ஆமா, ஏன்?"

"மூணு பந்தும் ஓலையில விழுந்த சத்தம் கேட்டுச்சு."

கோமளா கூடையில் அடுத்த பந்தைத் தேடினாள்.

"எனக்குக் கண்ணு போனதுலேருந்து நீ எல்லாத்தையும் நல்லதாவே சொல்ற, டாக்டர் சொன்னதையும் சேர்த்து. இதையாவது உள்ளபடி சொல்லு கோமளா. அப்பதானே திருத்திக்க முடியும்?"

கோமளா இன்னொரு பந்தை வைத்தாள். ஸ்டிக்கின் முனையைப் பிடித்து அதன் பின்னால் பொருத்திவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு விலகினாள்.

அடித்தார். "எங்க போச்சு?"

"படுமோசம் லா! மறுபடியும் செம்பனைக்குள்ளதான். ஸ்டிக்கைப் பிடிக்கிற விதமே தப்பு."

தேவராஜு வாய்விட்டுச் சிரித்தார்.

"அப்படிச் சொல்லு! அடுத்த பந்தை வை."