கையில் ஒரு சூரியன்

அனிற்றாவின் கையில் பிலிப்பீன்ஸ் கொடியின் சூரியனைக் கண்டதும் யாக்கோபு சாப்பாட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"பச்சை குத்தினனியோ? கொம்மாவின்ரை நாட்டை மனசிலை வைச்சிருக்கேலாதோ, தோலிலைதான் வேணுமோ?"

"தொடாதேங்கோ அப்பா!" அவள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"கோயில் சனத்துக்கு நான் என்னத்தைச் சொல்ல? ஆரடி உன்னைக் கட்டுவான்?"

மணிலாவில் பிறந்த அம்மா மரிசெல் அழுதாள். "அங்கை பிறந்த நானே இதைச் செய்யேல்லையே, பிள்ளை!"

வெள்ளிக்கிழமை முழுக்க ஏச்சு. சனிக்கிழமை ஒருவரும் அவளோடு கதைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மரிசெல்லின் ஊர்ச் சிநேகிதிகள் சூரியனைப் பார்த்துக் கைதட்டினார்கள். மரிசெல்லுக்குப் பெருமை பிடிபடவில்லை. யாக்கோபு பெருமூச்சு விட்டார்.

"சரி, குத்தினது குத்தியாச்சு. இனி அழிக்கேலுமோ? மருந்தைப் பூசிக் கவனமாப் பார்."

திங்கட்கிழமை, நகரத்தின் கபோ சந்தைக்குப் பின்னால் இருக்கும் பச்சை குத்தும் கடையில், கடைக்காரன் சல்வோ ஊசியைக் கையில் எடுத்தான்.

"முதல் தடவையோ? வீட்டிலை ஏச மாட்டினமோ?"

அனிற்றா ஈரத்துணியால் கையிலிருந்த ஸ்டிக்கர் சூரியனை அழுத்தித் துடைத்தாள்.

"அவை ஏசி முடிச்சிட்டினம். நீங்கள் குத்துங்கோ."