ஒரு நிமிட மௌனம்

மனைவி கோகிலவாணி தினமும் போனில் கேட்கும் தமிழ் ராக் இசைக்குழு பெங்களூர் வருவதாகத் தெரிந்ததும், சந்திரமோகன் அவளைப் பென்னாகரத்திலிருந்து அழைத்து வந்துவிட்டான்.

அந்தப் பிரம்மாண்ட அரங்கில், பாடகன் மேடையேறியதும் அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"ஏசி ஒத்துக்கலயா?"

"அதெல்லாம் இல்லீங்க."

ஐந்து பாட்டு முடிந்ததும் பாடகன் கிட்டாரை இறக்கி வைத்தான்.

"அடுத்தது புதுப் பாட்டு. நான் காதலிச்ச பொண்ணுக்காக எழுதினது. வேற மாப்பிள்ளை பார்த்தாங்கன்னு மருந்தக் குடிச்சிட்டா. அவங்கப்பாவே போன் பண்ணி, 'எல்லாம் முடிஞ்சிருச்சு, இந்தப் பக்கம் வந்துராத'ன்னு அழுதாரு. ஏழு வருஷமாச்சு. அவளுக்காக ஒரு நிமிஷம் எல்லாரும் எந்திரிச்சு நிப்பீங்களா?"

அரங்கமே எழுந்தது. சந்திரமோகன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"பாவம், யாரு பெத்த புள்ளயோ. எந்திரி கோகிலா."

ஏழு வருடத்துக்கு முன் அப்பா அவளிடம் சொன்னது வேறு. 'அவன் பெங்களூர்ல எவளையோ கட்டிக்கிட்டானாம். இனியாவது நாங்க பார்த்த மாப்பிள்ளைக்குத் தலையாட்டு.'

கணவனின் தோளைப் பற்றிக்கொண்டு எழுந்தாள் கோகிலவாணி. செத்துப்போன தனக்காக, எல்லாரோடும் சேர்ந்து தலைகுனிந்து நின்றாள்.